சமையலறை மேசையில் பிறந்த சியரா



கணினியில் சாகச விளையாட்டு என்றால் திரையில் வெறும் எழுத்துகள் ஓடிய காலம் அது. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்துதான் ஆட வேண்டும். 'கொலோசல் கேவ்' என்ற அப்படியொரு குகை விளையாட்டில் சொக்கிப்போனார், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ராபர்ட்டா வில்லியம்ஸ். இதில் படமும் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். சமையலறை மேசையில் அமர்ந்து ஒரு மர்மக் கதையைப் பின்னினார். கணவர் கென் நிரல் எழுதினார். 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' பிறந்தது. ஃபிளாப்பி வட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றார்கள்!

அந்த வீட்டுத் தொழில்தான் சியரா ஆன்-லைன் நிறுவனமாக வளர்ந்தது. 1984இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டில், நாம் நடத்திச் செல்லும் வீரன் மரத்துக்கு முன்னாலும் போவான், பின்னால் மறையவும் செய்வான். அன்றைக்கு அது பெரிய அதிசயம்.

1996இல் சி.யு.சி. என்ற நிறுவனம் சியராவை வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் சி.யு.சி.யின் கணக்கு மோசடி அம்பலமாக, சியரா மீண்டும் கைமாறியது. 1999 பிப்ரவரியில், யோசெமிட்டி மலைப்பகுதிக்கு அருகே ஓக்ஹர்ஸ்ட் ஊரில் இயங்கிய அதன் விளையாட்டுத் தயாரிப்புக்கூடம் மூடப்பட்டது.

ஆனாலும் அந்தத் தம்பதி ஓயவில்லை. ராபர்ட்டாவை முதன்முதலில் மயக்கிய அதே குகை விளையாட்டை, 2023இல் முப்பரிமாணக் காட்சிகளோடு இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள்.