பம்பை நீர் கடலுக்குப் போவது வீண்தானா?

டிசம்பர் 15 நெருங்குகிறது. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே நிற்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை இறக்கக் குறித்த நாள் அது. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பம்பையிலும் அச்சன்கோவிலிலும் உபரி நீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே, வைப்பாற்றுக்குத் தந்தால் என்ன? 44 ஆறுகள் ஓடும் மாநிலத்தில் உப்புநீரைத் தடுக்க அணை கட்டும் நிலை ஏன் வந்தது? இரண்டுக்கும் விடை ஆறு முடியும் இடத்தில் இருக்கிறது.

முதலில் 'உபரி'. தேசிய நீர்வள மேம்பாட்டு முகமையின் பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்புத் திட்டம், ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் (சுமார் 22 டிஎம்சி) நீரைத் தெற்குத் தமிழகத்துக்குத் திருப்பலாம் என்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பகுதிகளில் 91,400 ஹெக்டேர் பாசனம் பெறும் என்பது கணக்கு. வைப்பாற்றுக் கரைகளின் வறட்சியைக் கண்டவர்கள் இந்த எண்ணை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்த 'உபரி' ஓர் ஆண்டின் மொத்த வரவிலிருந்து மதிப்பிட்ட தேவையைக் கழித்து வந்த மிச்சம். மழை மாதத்து வெள்ளமும் பிப்ரவரி மாதத்து மெலிந்த ஓட்டமும் அதில் ஒரே தொகையாகக் கலந்துவிடுகின்றன.

காயலில் அவை கலப்பதில்லை. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய நான்கு ஆறுகளும் தண்ணீர்முக்கத்துக்குத் தெற்கே, குட்டநாடு வழியாகக் காயலில் சேர்கின்றன. குட்டநாட்டு வயல்களில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்று நீர் கடலை நோக்கித் தள்ளும். மழை ஓய்ந்து ஓட்டம் மெலிந்ததும் கொச்சி முகத்துவாரம் வழியே நுழையும் ஓதம் காயலுக்குள் தெற்கே ஏறி வரும். உப்பு எந்த ஊர்வரை வரும் என்பதைத் தீர்மானிப்பது அந்தந்த வாரம் ஆற்றில் வரும் தண்ணீர்தான். கடலுக்குப் போகும் நீர் செய்யும் வேலை இதுவே. உபரிக் கணக்கில் இந்த வேலைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

அந்த வேலையைக் கதவுகளிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணத்தில் எழுந்ததுதான் தண்ணீர்முக்கம் அணை. டிசம்பர் நடுவில் மூடி, மார்ச் 15-இல் திறந்தால் இடையில் நெல் ஒரு போகம் விளைந்துவிடும். எளிய, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. 1970-களில் அணை பயன்பாட்டுக்கு வந்தது; நடுப்பகுதி மட்டும் பல பத்தாண்டுகள் ஷட்டர் இல்லாத மண் கரையாகவே கிடந்தது.

சிக்கல் மூடிய மாதங்களில் தொடங்குகிறது. ஷட்டர் இறங்கியதும் காயலின் தென்பகுதி ஓதம் எட்டாத தேங்கிய நீராகிறது. வயலில் இட்ட உரமும் பூச்சிமருந்தும், ஊர்களின் கழிவும், படகுவீடுகளின் கழிவும் அங்கேயே தங்குகின்றன. உப்பு பட்டால் கருகிவிடும் ஆகாயத்தாமரை நன்னீரில் தழைத்துக் கால்வாய்களை அடைக்கிறது. ஆற்றுக்கொஞ்சு என்று அங்கே அழைக்கப்படும் பெரிய இறால் வளர்வது நன்னீரில். அதன் குஞ்சுகளுக்கோ உவர்நீர் வேண்டும். முட்டை சுமந்த இறால் வடக்கே போகவும், குஞ்சு திரும்பி வரவும் வேண்டிய பாதையில் கதவு நிற்கிறது. காயலை நம்பும் மீனவர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவரும் குறை இது.

மார்ச் 15 என்ற நாளும் காகிதத்தில்தான் உறுதி. வெள்ளம் வடியத் தாமதமானால் வயலிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றி விதைப்பது தள்ளிப்போகும், அறுவடையும் தள்ளிப்போகும். உழவர்கள் இன்னும் சில வாரம் மூடி வைக்கச் சொல்வார்கள், மீனவர்கள் உடனே திறக்கச் சொல்வார்கள். பல ஆண்டுகளில் ஏப்ரல்வரையும் அதைத் தாண்டியும் மூடியே இருந்திருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் தயாரான குட்டநாடு அறிக்கை (2007) பயிர்க்காலத்தை ஒழுங்குபடுத்தி, மூடும் நாட்களைக் குறைக்கச் சொன்னது. ஒரே நாளில் விதைக்க ஆயிரக்கணக்கான உழவர்களை இணங்கவைப்பது ஷட்டர் போடுவதைவிடக் கடினம்.

இந்தக் காயலுக்கு வரும் நீரைத்தான் மலையிலேயே திருப்பலாம் என்கிறார்கள். அணைகளில் மழைநீரைத் தேக்கிக் கோடையில் சீராகத் திறந்தால் உவர்ப்பும் கட்டுப்படும் என்பது திட்டத் தரப்பின் வாதம். நடக்கக் கூடியதுதான்; அணையை இயக்குபவர் மின்சாரத்தையும் பாசனத்தையும் பின்தள்ளிக் காயலுக்காகத் திறந்தால். வறண்ட ஆண்டில் யாருக்கு முதல் பங்கு என்பதை எழுத்தில் உறுதி செய்யாதவரை அந்த வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. வெள்ள நீரை வெளியேற்றத் தனி வழி இல்லையா? 1955 முதல் தோட்டப்பள்ளி நீர்ப்போக்கி இருக்கிறது. விநாடிக்குச் சுமார் 1,800 கன மீட்டருக்கு வடிவமைத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. ஓர் ஆற்றின் நீரை இன்னொன்றுக்குக் கேரளமே திருப்பியதில்லையா? திருப்பியிருக்கிறது, இடுக்கி அணையின் பெரியாற்று நீர் மூலமற்றம் மின்நிலையம் வழியே மூவாற்றுப்புழைக்குப் போகிறது. அந்த நீர் குட்டநாட்டுக்கு உதவாதா? உதவாது, மூவாற்றுப்புழை காயலில் சேர்வது தடுப்பணைக்கு வடக்கே. ஷட்டர் மூடியிருக்கும்போது படகு போக முடியுமா? அணையில் படகுகளுக்கென்று நீர்ப்பூட்டு உண்டு.