உஷார்! எல்.எல்.ஆர். என்பது லைசென்ஸ் அல்ல

ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு எல்.எல்.ஆர். எடுத்துவிடுகிறார்கள் பிள்ளைகள். மறுநாளே தனியாக வண்டியைக் கிளப்புகிறார்கள். "அதான் எல்.எல்.ஆர். இருக்கே" என்று பெற்றோரும் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆபத்தே இங்குதான்!

எல்.எல்.ஆர். பழகுவதற்கான அனுமதி மட்டுமே. லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் கூடவே உட்கார வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதி. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' போர்டு இருக்க வேண்டும். பைக் பழகுபவர் பின்னால் நண்பனை ஏற்றக் கூடாது. சொல்லிக்கொடுப்பவர் மட்டுமே உட்காரலாம். இவற்றை மீறித் தனியாகப் போனால், லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் சட்டம் பார்க்கும். அபராதம் 5,000 ரூபாய்.

அபராதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் இதே 3-வது விதிப்படி ஓட்டினால்தான் செல்லும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சிக்கல் வீட்டு வாசலுக்கே வரும்.

18 வயது ஆகாத பிள்ளை என்றால் இன்னும் கவனம்! 16 வயதில் கிடைக்கும் எல்.எல்.ஆர். 50 சிசி வரையிலான இருசக்கர வண்டிக்கு மட்டுமே. வீட்டில் நிற்கும் ஸ்கூட்டரோ பெரும்பாலும் 110 சிசி, 125 சிசி. அதில் போய்ச் சிக்கினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது.

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளை வெறும் காத்திருப்பாக நினைக்காதீர்கள். மைதானத்தில் எட்டு போட மட்டும் பழகிய பிள்ளைக்கு, இரவில் எதிரே கண்ணைக் கூசவைக்கும் ஹெட்லைட்டையும், மழையில் வழுக்கும் பிரேக்கையும், பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ்ஸையும் சமாளிக்கத் தெரியாது. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், அவசரமே வேண்டாம். பிள்ளையோடு நீங்களே உட்கார்ந்து பழக்குங்கள். லைசென்ஸ் கைக்கு வரும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்!