பற்றறியை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

படகில் 12 வோல்ற் குளிர்சாதனப் பெட்டி இரவில் தானாக நின்றுவிட்டால், பற்றறி பழுது என்று நாம் உடனே முடிவு கட்டுகிறோம். கடன்பட்டுப் புதியது வாங்கிய பின்பும் பெட்டி நின்றால், மீனும் பழுதாகும், காசும் போகும். எனவே முதலில் மீற்றரால் அளந்து பார்ப்போம்.

முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் பாவிக்காது விட்ட ஈய அமிலப் பற்றறி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டவேண்டும். 12.2 எனில் பாதியே மிச்சம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பற்றறியின் ஆயுள் குறையும்.

பற்றறி நன்றாயின், பெட்டி ஓடும்போதே பற்றறி முனைகளிலும் பெட்டியின் முனைகளிலும் அளப்போம். இங்கே 12.4, அங்கே 11 எனில், மின்னழுத்தம் இடைவழியில் குறைகிறது. நீண்ட மெல்லிய வயரும், உப்புக்காற்றில் பூத்த முனைகளுமே பெரும்பாலும் காரணம். மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தால், பற்றறியைக் காக்கப் பல பெட்டிகள் தாமே நின்றுவிடும்.

பரிகாரம் எளிது. சுவிச்சை நிறுத்தி, எதிர் முனையை முதலில் கழற்றுங்கள். அப்பச்சோடாக் கரைசலால் முனைகளைத் துடையுங்கள். கரைசல் பற்றறிக்குள் போகக்கூடாது. உலர்ந்தபின் இறுக்கிப் பூட்டி வசிலின் பூசுங்கள். வயரைத் தடித்ததாக மாற்றுங்கள்.

கொட்டிலில் பற்றறியால் விளக்கெரிப்போருக்கும் இதே சோதனை பொருந்தும்.