லைசென்ஸ் துப்பாக்கிக்குத்தான், பன்றிக்கு இல்லை

டீயை மெதுவாகக் குடியுங்கள் அண்ணாச்சி. நீங்கள் கேட்டது ஒரு கிளாஸுக்குள் முடிகிற சங்கதி இல்லை. மேக்கரையில் வயல், ராத்திரியில் பன்றிக் கூட்டம் இறங்கிக் கதிர் வந்த நெல்லைப் புரட்டிப் போட்டுவிட்டது, பேசாமல் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துவிடலாமா என்கிறீர்கள். விண்ணப்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது வேறு கணக்கு.

முதலில் எடுக்கிற வழியைச் சொல்கிறேன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும், 2016-இல் வந்த ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஏ-1 படிவத்தை நிரப்பிக் கலெக்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கமிஷனர் இருக்கிற மாநகரங்களில் போலீஸ் கமிஷனருக்கு. உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் டாக்டர் சான்று வேண்டும். துப்பாக்கியைக் கையாளவும் பத்திரமாக வைக்கவும் பயிற்சி எடுத்த சான்றும் வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை. உங்கள் பேரில் கேஸ் உண்டா, பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறு உண்டா, எல்லாம் துருவுவார்கள். துருவத்தான் வேண்டும். வரப்புச் சண்டைக்காரர் கையில் துப்பாக்கி இருப்பது பன்றியைவிட ஆபத்து.

சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வேறு காரணத்துக்காக மறுத்தால், மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று சட்டம் தனியாகச் சொல்வது எந்தத் துப்பாக்கியை தெரியுமா? குழல் வாயில் மருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய தினுசு. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் அடுத்த ரகம்.

இதுவரைக்கும் சமவெளியில் இருக்கிற விளாத்திகுளத்துக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே சட்டம். இனிமேல்தான் மலையடிவாரச் சமாச்சாரம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 34-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாக லைசென்ஸ் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவை முன்கூட்டியே வாங்க வேண்டும். நமக்கு மேற்கே நிற்கிற மலை நெல்லை வன உயிரினச் சரணாலயம். குற்றாலம், மேக்கரை, பண்பொழி, புளியரை எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். அதனால் கலெக்டர் மனசு வைத்தால் மட்டும் போதாது. வனத்துறையும் தலையாட்ட வேண்டும். நிறைய பேருக்கு இந்தப் பிரிவே தெரியாது. மனு எங்கேயோ தூங்குகிறது என்று தாலுகா ஆபீஸைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் எனக்குச் செங்கோட்டை வாஞ்சிநாதன் ஞாபகம் வரும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் அவர் சுட்டது திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை. வாஞ்சி வேலை பார்த்ததோ திருவிதாங்கூர் வனத்துறையில். இன்றைக்கு உங்கள் மனு ஏறி இறங்க வேண்டிய இரண்டு இடமும் அந்தச் செங்கோட்டைக் கதையிலேயே இருக்கிறது!

சரி, எல்லாம் கூடிவந்து துப்பாக்கியும் கைக்கு வந்துவிட்டது என்றே வைப்போம். பன்றியைச் சுடலாமா? கூடாது. காட்டுப்பன்றி வன உயிரினச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிற பிராணி. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடவே கூடாது. 1 முதல் 3 வரை, பிடித்துக் காட்டில் கொண்டு விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். விவசாயி இல்லை. ஆரியங்காவு பக்கம் சுடுகிறார்களே என்பீர்கள். கேரளத்தில் 2022-இல் பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கத்துச் சட்டம் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி வராது.

ஆக, நீங்கள் படாதபாடு பட்டு வாங்கும் துப்பாக்கி பீரோவில்தான் இருக்கும். தேர்தல் அறிவித்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது.

உங்கள் மாமனார் வீட்டுப் பழைய துப்பாக்கி விஷயம் வேறு. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருஷம் இருந்துவிட்டாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். இறந்தபின் அதைச் சும்மா பரணில் போட்டு வைத்திருந்தால் மட்டும் குற்றம். உரிமமில்லாத துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருஷம் ஜெயில். பட்டறையில் ஒருத்தர் ரகசியமாகச் செய்து தருகிறார் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் செய்பவருக்குக் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகும். இரைக்குள் வெடி வைக்கிற அவுட்டுக்காயும் கரண்ட் வேலியும் அதைவிட மோசம். பன்றிக்கு வைத்ததில் யானை மாட்டும், சமயத்தில் மனுஷனும் மாட்டுவான்.

என்னைக் கேட்டால், மேக்கரைக்காரர் பன்றிக்காக லைசென்ஸுக்கு அலைவது வீண். சேதமான வயலை இன்றைக்கே போட்டோ எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுங்கள், வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். உங்கள் வயல் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.