உங்களுக்குத் தெரியுமா? கைக்கோடரியும் பேசும் மூளையும்

திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அங்கே மீண்டும் அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், மிகப் பழைய கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். செதுக்கியவர்கள் நம் இனமே அல்ல, அதற்கும் முந்தையவர்கள்.

இந்தக் கைக்கோடரிகளுக்கும் மொழிக்கும் என்ன தொடர்பு? விடையை மூளையில் தேட வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடப்பக்கம். வலக்கைக்காரர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு அப்படித்தான். இடக்கைக்காரர்களிலும் சுமார் 70 சதவீதம் பேருக்கு இடப்பக்கமே. பேச்சு இடப்பக்கத்தைச் சார்ந்தது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1860-களில் கண்டறிந்தார். 1968-இல் நூறு மூளைகளை அளந்து பார்த்தபோது, கேட்ட பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு பகுதி 65 மூளைகளில் இடப்பக்கம் பெரிதாக இருந்தது. வலப்பக்கம் பெரிதாக இருந்தவை 11 மட்டுமே.

ஆனால் வலப்பக்கம் சும்மா இருப்பதில்லை. பேச்சின் ஏற்ற இறக்கம், கிண்டல், குத்தல் எல்லாம் புரிவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கல் செதுக்கும்போதும் அது வேலை செய்கிறது: பழங்கால முறையில் கைக்கோடரி செதுக்கிய இக்கால வல்லுநர்களின் மூளையைப் படமெடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சுக்கு உதவும், புரோக்காவின் பெயர் பெற்ற இடப்பக்கப் பகுதிக்கு நேரெதிரே உள்ள வலப்பக்க இடம் சுறுசுறுப்பாக இயங்கியது தெரிந்தது. கல் செதுக்கும் திறனும் பேச்சும் சேர்ந்தே வளர்ந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. ஆனால் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரி செதுக்கியவர்கள் பேசினார்கள் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

அத்திரம்பாக்கப் பகுதிக் கற்கருவிகளைப் பூண்டி அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம்.