தவிடு மாட்டுக்கு, மாத்திரை நமக்கு!

ஆபீஸில் இலவச ரத்தப் பரிசோதனை. எனக்கு சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். வயசு முப்பத்து நாலு! தாராசுரத்தில் பாட்டியிடம் புலம்பினேன்.

‘‘அரிசியை மல்லிப்பூவாத் தீட்டித் திங்கிறே. சத்தெல்லாம் தவிட்டோட மாட்டுக்குப் போவுது. நீ மாத்திரையை முழுங்கு!’’

பாட்டி சொன்னால் சிரிப்போம். டச்சு டாக்டர் ஐக்மன் சொன்னால் நோபல் பரிசு! 1890-களில் ஜாவாவில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் துவண்டது. தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்தது பி1 வைட்டமின் என்று பின்னால் தெரிந்தது. 1929-ல் நோபலில் பங்கு. நம்மூர் புழுங்கலும் லேசுப்பட்டதில்லை. நெல்லை அவிக்கும்போதே அந்தச் சத்தில் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும்.

நிபுணர்கள் வாக்கு மாறுவதும் உண்டு. கொலஸ்ட்ரால் என்று முட்டையை ஒதுக்கினோமே? நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பையே 2015-ம் வருஷத்து அமெரிக்க உணவு வழிகாட்டி எடுத்துவிட்டது!

பி.காம். மூளை கணக்குப் போட்டது. தவிட்டை நீக்கக் கூலி, அதே சத்துக்கு மெடிக்கல் ஷாப் பில். இரண்டுமே பற்று!

பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டு, 2018-ல் மறைந்த நெல் ஜெயராமனை நினைத்துக்கொண்டு மாப்பிள்ளைச் சம்பா வாங்கினேன். (அதையும் மூன்று தட்டு அடித்தால் சர்க்கரை ஏறும். டாக்டர் தந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.)

ஊறவைக்காமல் குக்கரில் போட்டேன். ஆறு விசில்.

மனைவி மூடியைத் திறந்தாள். ‘‘எந்த மாப்பிள்ளைதாங்க சீக்கிரம் இறங்கி வர்றார்?’’