நினைப்பே கிளிக் ஆகும்போது

ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் முற்றிவிட்டால் கை, கால், நாக்கு எதுவும் அசையாது. நெதர்லாந்தில் 58 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த நிலை. கண்ணசைவைப் படிக்கும் கருவி வீட்டுக்குள் உதவியது. வெளியே போனால் வெளிச்சத்தில் தடுமாறியது.

2015-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், கையசைவை ஆளும் மூளைப் பகுதியின் மேல் மின்முனைப் பட்டைகளை வைத்தார்கள். மார்புத் தோலுக்கு அடியில் ஒரு சிறு கருவி. திரையில் எழுத்துகள் மாறி மாறி ஒளிரும். தனக்கு வேண்டிய எழுத்து வரும்போது கையை அசைக்க மனத்துக்குள் முயல்வார். கை அசையாது, ஆனால் மூளையின் அந்தக் கட்டளை கணினியில் ஒரு கிளிக் ஆகிவிடும்.

நிமிடத்துக்கு இரண்டு எழுத்துதான். 'தண்ணீர்' என்று கேட்கவே இரண்டு நிமிடம் ஆகும் வேகம். ஆனாலும், நிபுணர் யாரும் பக்கத்தில் இல்லாமல், சொந்த வீட்டில், தேவைப்பட்டபோதெல்லாம் அவரால் பயன்படுத்த முடிந்ததே! இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன? கண் கருவி கைவிடத் தொடங்கியபோது இதையே அதிகம் நம்பியிருந்தார். ஏழு ஆண்டுகள் ஓடின. கடைசிவரை கருவியில் பழுதில்லை. நோயால் மூளை சுருங்கி, சமிக்ஞைதான் மங்கிப்போனது.

இப்போது வேகம் கூடியிருக்கிறது. 2023-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகக் குழு, இதே நோயுள்ள ஒருவரின் மூளையில் 256 மின்முனைகளைப் பொருத்தியது. அவர் பேச முயலும் சொற்களைக் கணினி நூற்றுக்கு 97 அளவில் சரியாகப் பிடிக்கிறது. நோய்க்கு முந்தைய அவருடைய சொந்தக் குரலின் சாயலிலேயே வாசித்தும் காட்டுகிறது.